நான் உடைத்த வைர ஜன்னல்

இரண்டாயிரமாம் ஆண்டில் பிஜித் தீவுகளின் தலைநகரான சூவாவில் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்திருந்தபோது, நான் பா நகரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தேன். ஆட்சிக் கவிழ்ப்புக்கு எங்கள் நாட்டில் எல்லோரும் சொல்லும் சொல் ‘கூ’. எண்பத்தேழில் இரண்டு கூ பார்த்திருந்தோம். அப்போது நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெட்டி கட்டிக்கொண்டு வெளிநாடு போனவர்களை ஒருவர் விடாமல் மனதுக்குள் ஏசியவன்.

இந்த முறை ஏச்சை வெளியே கொட்டினேன். பள்ளி மூடியிருந்து மறுபடி திறந்த நாளில், ஆசிரியர் அறையில் யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். நம் பாட்டன்கள் கரும்பு வெட்டிய மண் இது, பயந்து ஓடுகிறவனுக்கு நாளைக்கு எந்த மண்ணும் சொந்தமாகாது என்று தொடங்கி இருபது நிமிடம். இந்தி ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை, வடக்குத் தீவில் லாம்பாசாவுக்குப் பக்கத்தில் புலிலேகாவில் கரும்பு பயிரிட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் போன் போட்டு, முழுப் பிரசங்கத்தையும் மறுபடியும் சொன்னேன். லாம்பாசா பக்கம் அப்போது நிலவரம் இன்னும் மோசம். கரும்புத் தோட்டத்து வீடுகளில் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அச்சா, சாப்பிட்டியா?” என்றாள்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே, வரதோலியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் மனைவி ஆஸ்திரேலியாவுக்கான குடியேற்ற விண்ணப்பத்தை நிரப்பி முடித்திருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். தபாலாபீசில் கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான். பிரசங்கம் செய்தபோது அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உண்மையில் மறந்துதான் போயிருந்தேன். பேச ஆரம்பித்தால் எனக்கு என் வீட்டு முகவரியே மறந்துபோகும்.

இரண்டு மாதம் கழித்து, என் வேலை விவரத்தை உறுதி செய்யச் சொல்லிப் பள்ளிக்குக் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியர் அதைத் தன் அறையில் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். தேநீர் வேளையில் எல்லோர் நடுவிலும் கொண்டுவந்து கொடுத்தார்.

“மாஸ்டர், கான்பராவிலேருந்து கேட்டிருக்காங்க. நீங்க நல்ல வாத்தியாரான்னு. என்ன எழுதட்டும்?”

இந்தி ஆசிரியர் என்னைப் பார்க்கவில்லை. தன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

சிட்னியில் வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு படிக்கச் சொன்னார்கள். லேசர் கருவிகளுக்கான பாகங்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் ஆய்வுக்கூடத் தலைவி கேட்டார், “ஒளியியல் கருவிகளில் அனுபவம் உண்டா?” பதினான்கு ஆண்டு உண்டு என்றேன். பள்ளியில் எங்களிடம் இருந்தது ஒரு மரப்பெட்டி. அதில் ஒரு முப்பட்டகம், இரண்டு வில்லை, மூன்றாவது வில்லை இருந்ததற்கான குழி. பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பதினான்கு ஆண்டு திறந்து மூடியது உண்மைதான்.

அங்கே என் வேலை ஜன்னல்கள். இரும்புத் தகட்டை வெண்ணெய் மாதிரி வெட்டும் லேசர்களில், ஒளி உற்பத்தியாகிற அறை ஒருபுறம், வெளிக்காற்று மறுபுறம். நடுவில் ஒளி மட்டும் போவதற்கு ஒரு வட்டத் தகடு வேண்டும். அதைத்தான் ஜன்னல் என்பார்கள். நாணயம் அளவுதான் இருக்கும். அதன் வழியாகப் பல ஆயிரம் வாட் ஒளி போகும்போது, ஒரு துளியை அது தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்டாலும் போதும், நடுப்பகுதி சூடாகி உப்பும். உப்பினால் ஒளி கோணிக்கொண்டு போகும். இன்னும் சூடானால் தகடு வெடிக்கும். சாதாரணத் தகடுகளுக்கு அதுதான் கதி. அதனால் வைரத்தில் ஜன்னல் செய்தார்கள். வைரம் சூட்டைத் தன்னிடம் தங்கவிடாது. செம்பைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் விளிம்புக்குக் கடத்திவிடும். விளிம்பைச் சுற்றி ஒரு செம்பு வளையம், அதற்குள் தண்ணீர். வந்த சூடு அப்படியே போய்விடும்.

பூமியில் தோண்டிய வைரமல்ல இது. மாணவர்கள் மேசை உயரத்தில் இருக்கும் ஓர் எஃகுப் பெட்டிக்குள் வாயுவை விட்டு வளர்க்கிற வைரம். பார்ப்பதற்கு லேசாகச் சாம்பல் பூத்த கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். மின்னாது. பட்டை கிடையாது. கீழே கிடந்தால் நீங்கள் குனிய மாட்டீர்கள்.

இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்வதில்தான் முதல் சிக்கல் வந்தது. எங்கள் தலைமுறையில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிஜி இந்திதான். நானும் அக்காவும் மட்டும் அப்பாவிடம் பேசிய பழக்கத்தில் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வோம். அது அடுப்பங்கரைத் தமிழ். அதில் லேசருக்கு இடமில்லை. எழுத்துத் தமிழை நான் நாற்பது வயதுக்கு மேல் சிட்னியில் சனிக்கிழமை வகுப்பில், என் மகளின் பின்பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கற்றேன். அது வேறு அவமானம்.

“அங்க என்னா வேலைடா?” என்று அக்கா கேட்டாள்.

“ஜன்னல் வேலைக்கா. ஜன்னலைத் தொடச்சி, மாட்டி, சரியா இருக்குதான்னு பாக்கணும்.”

அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒடம்பைப் பாத்துக்கோ. ஒசரத்துல ஏறாத,” என்றாள்.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. தம்பி சிட்னியில் மாடிக் கட்டிடங்களில் தொங்கிக்கொண்டு ஜன்னல் துடைக்கிறான் என்று நினைத்து, அக்கா அதைப் புலிலேகாவில் ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கு “ஆபீஸ் வேலை” என்றாளாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அக்கா, அது வைரத்துல செஞ்ச ஜன்னல். நான் வைரத்தோட வேலை செய்றேன். காலி வைரம், வேற ஒண்ணும் கிடையாது.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே மிகவும் செலவு வைத்தது இதுதான். ஜன்னல் துடைப்பவன் அந்த வாரமே வைர வியாபாரி ஆனான். லாம்பாசா சந்தையிலிருந்து நான்கு தீவு தாண்டி, எங்கள் சாதிசனம் இருக்கிற இடமெல்லாம் செய்தி போனது. நான் மறுக்க முயன்றேன். ஆனால் முழு மனதோடு மறுத்தேன் என்று சொல்ல முடியாது.

இதற்கிடையில் அக்காவின் நிலக் குத்தகை முடிந்தது. முப்பது ஆண்டுக் குத்தகை. நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. கரும்பை விட்டுவிட்டு அக்காவும் அத்தானும் மகளோடு கப்பலேறித் தெற்கே பெரிய தீவுக்கு வந்து, சூவாவுக்கும் நௌசோரிக்கும் நடுவில் நசினுவில் ஒரு தகரக்கூரை வீடு கட்டிக்கொண்டார்கள். அத்தான் மினிபஸ் ஓட்ட ஆரம்பித்தார். இதையெல்லாம் அக்கா எனக்கு ஒரே போன் பேச்சில், கோழி வாங்கிய செய்தியோடு சேர்த்துச் சொன்னாள். நான் ஆறுதலாக ஒரு பிரசங்கம் தயாரிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

வைரத்தை உடைத்த கதைக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. ஒரு புதிய ஜன்னலைச் செம்பு வளையத்தில் பொருத்த வேண்டும். எட்டுத் திருகு. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளந்து காட்டும் திருகுசாவி ஒன்று இருந்தது. அது இன்னொரு மேசையில், பத்தடி தூரத்தில் இருந்தது. உலகத்திலேயே கெட்டியான பொருளுக்கு எதற்கு அளவு என்று நினைத்து, சாதாரணச் சாவியால் முறுக்கினேன். ஏழாவது திருகில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், மிளகு வெடித்த மாதிரி. குனிந்து பார்த்தேன். நேர்கோட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. அதை வளர்க்க மூன்று வாரமும் வழவழப்பாக்க இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

தலைவி வந்தார். அறுபதை நெருங்கிய, குரலை உயர்த்தாத பெண்மணி. பிளவை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“நீங்கள் வாத்தியார் அல்லவா,” என்றார். “கடினத்தன்மைக்கும் உடையாத தன்மைக்கும் என்ன வித்தியாசம்?”

பதினான்கு ஆண்டு அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கண்ணாடி இரும்பைக் கீறும், ஆனால் கீழே போட்டால் எது உடையும் என்று கேட்டு, தப்பாகச் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன். ஏறி நிற்க அங்கே பெஞ்சு இல்லாததால் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். தலைவி தலையசைத்தார். பாதித் துண்டை ஒரு பழைய பிலிம் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்து, “வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு இனி உதவாது,” என்றார். வேலையை விட்டு நீக்கவில்லை. மறுநாள் அளக்கும் சாவி என் மேசையிலேயே கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அக்கா மகளின் கல்யாணம் நிச்சயமானது. நான் தாய்மாமன். என் மகளுக்குப் பரீட்சை என்பதால் மனைவி சிட்னியில் தங்கிவிட, ஒரு தங்கச் சங்கிலியோடு நான் மட்டும் கிளம்பினேன். கிளம்பும்போது, யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் காட்டலாம் என்று பிலிம் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டேன். யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் நாந்தி விமான நிலையத்தில் இறங்கிய வாரம் மறுபடியும் ஒரு கூ. இரண்டாயிரத்து ஆறு டிசம்பர். இந்த முறை ராணுவமே ஆட்சியை எடுத்துக்கொண்டது. விமானத்தில் முக்கால்வாசி இருக்கை காலி. விமானப் பணிப்பெண் என்னிடம், “நீங்கள் இப்போது உள்ளே போகிறீர்களா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

அத்தான் தன் மினிபஸ்ஸோடு வந்திருந்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். வழியில் கல்யாணத்துக்குக் குளிர்பானம் வைக்க நான்கு பை பனிக்கட்டி வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டார். சூவாவுக்கு முன்னால் லாமி ஊரைத் தாண்டியதும் சாலையில் தடுப்பு. மணல் மூட்டை, தென்னை ஓலை நிழல், ஐந்தாறு சிப்பாய்கள். பகல் இரண்டு மணி வெயில். ஒரு சிப்பாய் “புலா” என்று வணக்கம் சொல்லிவிட்டு என் பையைத் திறந்தான். சட்டை, புடவை, மிட்டாய். பிறகு பிலிம் டப்பா. மூடியைத் திறந்து துண்டை உள்ளங்கையில் கொட்டினான்.

“இது என்ன?” என்று இந்தியில் கேட்டான். எங்கள் ஊரில் இந்தி எல்லோருக்கும் வரும்.

கண்ணாடி என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் போயிருப்போம்.

“வைரம்,” என்றேன்.

அவன் துண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இரண்டிலும் அவனுக்கு மதிப்பு எதுவும் தெரியவில்லை. “எதுக்கு?”

“லேசருக்கு.”

பக்கத்தில் அத்தானின் செருப்புக்கால் என் காலை மிதித்தது. எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது நான் ஏற்கெனவே, இது வெறும் சாதாரண லேசர் அல்ல, அரை அங்குல இரும்பை ஊடுருவிப் போகிற லேசர் என்று விளக்கி முடித்திருந்தேன். சிப்பாய் திரும்பி, சார்ஜென்டைக் கூப்பிட்டான்.

சார்ஜென்ட் ஆறடிக்கு மேல். காதோரம் நரைத்திருந்தது. நிதானமாக வந்து பஸ்ஸின் ஜன்னலில் கையை ஊன்றினார்.

“இரும்பை அறுக்கிற ஆயுதத்தோட பாகம் கொண்டுவந்திருக்கீங்களா?”

“ஆயுதம் இல்லை, சார். தொழிற்சாலையில…”

“இது வைரம்னு எப்படி நம்புறது?”

அத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “இவரு வாத்தியாரு, சார். கேக்காதீங்க. கேட்டா நிறுத்த மாட்டாரு.”

எனக்குள் இருந்த வாத்தியார் அதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். பின்கதவைத் திறந்து ஒரு பையைக் கிழித்து, பெரிய பனிக்கட்டி ஒன்றை எடுத்து மணல் மூட்டையின் மேல் வைத்தேன். வைரத் துண்டை விரல் நுனியில் பிடித்து அதன் மேல் வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே இறங்கியது. கத்தி இறங்குவது போல இல்லை, காய்ச்சிய கரண்டி வெண்ணெயில் இறங்குவது போல. என் விரலில் இருக்கும் சூட்டை வைரம் உறிஞ்சி அப்படியே பனிக்குக் கொடுத்துவிடுகிறது, பலம் தேவையில்லை என்று விளக்கினேன். நான்கு விநாடியில் கட்டி இரண்டாகி விழுந்தது. என் விரல் மரத்துப்போனது.

சார்ஜென்ட் துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கையை நீட்டினார். அவர் ஒன்று அறுத்தார். பிறகு முதல் சிப்பாய். பிறகு வரிசை. ஒருவன் தன் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கினான். இன்னொருவன் கண்ணாடித் துண்டால் அதையே செய்து பார்த்து, இறங்கவில்லை என்று எல்லோருக்கும் காட்டினான். வகுப்பில் அப்படி ஒரு மாணவன் எனக்குக் கிடைத்ததில்லை. பின்னால் ஏழெட்டு வண்டி நின்றுவிட்டது. ஒரு லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். பிறகு அவரும் இறங்கி வந்து ஒன்று அறுத்தார்.

“எங்கே இருக்கீங்க?” என்று சார்ஜென்ட் கேட்டார், விரலைச் சட்டையில் துடைத்தபடி.

“சிட்னி. அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கேன். கூ நடந்தப்போ இங்கேருந்து போனேன்.”

“எந்தக் கூ?”

“போன கூ.”

தலையாட்டினார். “என் தம்பியும் போயிட்டான். பிரிட்டிஷ் ராணுவத்துல இருக்கான். பாலைவனத்துல. அம்மா தினமும் ரேடியோ கேக்கறாங்க.” துண்டைத் துடைத்து, டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி என்னிடம் கொடுத்தார். “கல்யாணப் பெண்ணுக்கு ஆசீர்வாதம் சொல்லுங்க.”

வண்டி நகர்ந்ததும் அத்தான் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தார். “மூணு பை போச்சு,” என்றார். நசினு வருவதற்குள் நான்காவது பையும் தண்ணீராகிவிட்டது.

வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவி, காதருகே கேட்டாள்.

“கொண்டாந்தியா?”

அப்போதுதான் புரிந்தது. தாய்மாமன் சிட்னியிலிருந்து வைரத்தோடு வருகிறான் என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. மூக்குத்தியா, தோடா என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததாம்.

சங்கிலியை எடுத்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். கண்கள் என் பையிலேயே இருந்தன. வேறு வழியில்லாமல் பிலிம் டப்பாவைத் திறந்து துண்டை அக்காவின் கையில் வைத்தேன்.

“இதுவா?”

“இதுதான்க்கா.”

“ஒடஞ்சிருக்குதே.”

“நான்தான் ஒடச்சேன்.”

பாயில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி அதை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, கார் கண்ணாடி என்று இந்தியில் தீர்ப்புச் சொன்னாள். அறுத்துக் காட்டலாம் என்றால் பனிக்கட்டி இல்லை. தண்ணீர்தான் இருந்தது. அத்தான் வெளியே போய்விட்டார். அந்த ஐந்து நிமிடத்தில், மாடியில் தொங்கி ஜன்னல் துடைப்பவனாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கல்யாணப் பெண் வந்து துண்டை எடுத்தாள். அக்கா மகள் நசினுவிலேயே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தமிழ் கேட்டால் பாதி புரியும். பேச மாட்டாள். என்னோடு இந்தியில்தான் பேசுவாள். துண்டை உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

“மாமா, ஏன் இவ்வளவு குளிருது? நிழல்லகூட வைக்கலையே.”

“உன் உதட்டுச் சூட்டை இழுத்துக்குது.”

“அப்போ லேசர் போறப்போ?”

சொன்னேன். விளிம்பு, செம்பு வளையம், தண்ணீர். அவள் கேட்ட அடுத்த கேள்வி, எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருபவர்கள் ஒரு மாதம் கழித்துக் கேட்பது. அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிற பொருள் மின்சாரத்தை ஏன் கடத்துவதில்லை என்று கேட்டாள். மருதாணி வைத்த கையை அகல விரித்துக்கொண்டு, மணமேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டாள். சூடு தங்காமல் வெளியேறுவதையும் மக்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதையும் ஒப்பிட்டு ஓர் அருமையான பிரசங்கம் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் சமையல்காரர் தேங்காய் போதவில்லை என்று கூப்பிட்டார். அவருக்கு இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை அக்கா என்னை அடுப்பங்கரைக்குள் கூட்டிப்போனாள்.

“நீ சொன்னா கேப்பா. ரெண்டு பேரும் அப்ளை பண்ணட்டும். மாப்ளைக்கு எலட்ரீஷன் வேலை தெரியும். அங்க வந்துடட்டும். எங்களுக்கு கேத்து போச்சு, இனி என்னா இருக்குது. இந்தக் கூவு நிக்கப்போறதில்லை.”

கரும்பு வயலை அவள் ‘கேத்து’ என்பாள். குத்தகை போனதைப் பற்றி அவள் என் எதிரில் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

நான் நன்றாகத் தயாரித்தேன். பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்பு, வாய்ப்புகள். மணமக்களை உட்கார வைத்துச் சொன்னேன். மாப்பிள்ளை மரியாதையாகத் தலையாட்டினான். அக்கா மகள் முடியும்வரை காத்திருந்தாள்.

“மாமா, போறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட போன்ல ஒண்ணு சொன்னீங்களே. பயந்து ஓடறவனுக்கு எந்த மண்ணும் சொந்தமாகாதுன்னு. அப்போ எனக்குப் பதினேழு வயசு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. நான் அழுதேன். பரீட்சை எழுதி வாத்தியார் வேலைக்கே வந்தேன்.”

“அது வந்து… அப்போ நான் அப்ளிகேஷன் போட்டிருந்தேன்மா.”

“தெரியும். அம்மா அப்புறம் சொன்னாங்க.” அவள் முகத்தில் கோபம் இல்லை. “நீங்க சொன்னது நல்லா இருந்தது, மாமா. நீங்க அதைச் செய்யலைங்கிறதால அது தப்பாயிடாது. நான் இங்கே இருக்கேன். எனக்கு அந்தத் துண்டு மட்டும் வேணும், வகுப்புக்கு.”

டப்பாவோடு கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும். என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆள் என் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறாள், அதுவும் நான் நடக்காத பேச்சை. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் பந்தலுக்குப் போய் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்தேன். மூன்று சிரட்டை உள்ளே போனதும் நாக்கு மரத்துவிட்டது. எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தத் துண்டு அவள் பள்ளியில் நான்கு ஆண்டு பனிக்கட்டி அறுத்தது. பிறகு ஒருநாள் யாரோ தட்டைக் கழுவியபோது சாக்கடையில் போய்விட்டது. போனில் சொல்லும்போது அவள் குரல் உடைந்திருந்தது. நான் இரண்டாகப் பிளந்ததைவிட அது சின்னக் குற்றம்தான் என்று சமாதானம் சொன்னேன். அவள் இன்னும் நசினுவில்தான் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை வீடுகளுக்கு வயரிங் செய்கிறான்.

அக்காதான் ஒருமுறை சிட்னிக்கு வந்தாள், மூன்று மாத விசாவில். அந்தச் சமயம் ஆய்வுக்கூடத்தில் குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள். கூட்டிப்போனேன். வைரம் வளர்க்கும் பெட்டியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்னத் துவாரம் உண்டு. அக்கா கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு நெருப்புப் பந்து அசையாமல் நின்றது. அதன் அடியில்தான் தகடு வளர்ந்துகொண்டிருந்தது.

“எத்தினி நாளு?”

“மூணு வாரம்.”

“கரும்புக்குப் பதினாலு மாசம்,” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “களை எடுக்க வேணாமா?”

பக்கத்தில் தலைவி நின்றிருந்தார். என்ன கேட்கிறார்கள் என்றார். எனக்குக் கூச்சம். என் அக்கா விவசாயி, வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று முன்னுரை சொல்லி மொழிபெயர்த்தேன். தலைவி சிரிக்கவில்லை. அக்காவின் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாயுவிலிருந்து வைரம் மட்டும் படிவதில்லை, பென்சில் கரியும் சேர்ந்து படியும். அது களை. அதை விட்டால் வைரத்தை மூடிவிடும். நாங்கள் விடுகிற ஹைட்ரஜன் கரியை மட்டும் தின்றுகொண்டே இருக்கும், வைரத்தைத் தொடாது. இந்தப் பெட்டிக்குள் முக்கால்வாசி வேலை அதுதான்.”

மொழிபெயர்த்தேன். அக்கா தலையாட்டினாள்.

“அதானே. களை எடுக்காம எது வளரும்.” பிறகு என்னிடம், “இத்தினி வருசமா இதை நீ ஏண்டா சொல்லலை? ஜன்னலு, வைரம்னுகிட்டு.”

அன்று மாலை அவள் அத்தானுக்குப் போன் போட்டாள். பெட்டி, நெருப்பு, விதை போட்ட தகடு, கரி, களை தின்கிற வாயு, மூன்று வாரத்தில் அறுவடை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அக்கா பதில் சொன்னாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

“புரிஞ்சிடுச்சு மச்சான்,” என்றார் அத்தான். “நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”